உளுந்துப் பையில் உட்கார்ந்த கேமரா

வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அம்பாசிடர் காரின் முன்சீட்டில் பின்பக்கம் திரும்பி மண்டியிட முடியாது. அதுவரை நான் அப்படித்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முட்டிகளைச் சீட்டில் ஊன்றி, சீட்டின் முதுகில் உடம்பைச் சாய்த்து, வலது தோளில் கேமராவைத் தூக்கி வைத்துக்கொண்டு, பின்னால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் பொண்ணு மாப்பிள்ளையை எடுப்பேன். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் படத்தில் மாப்பிள்ளையின் தலை போய்விடும், காரின் கூரை வந்துவிடும். பிரேக் போட்டால் என் முதுகு டேஷ்போர்டில் போய் இடிக்கும்.

ஓட்டுபவர் என் கணவர். நன்னிலம் டாக்ஸி ஸ்டாண்டில் அவருடைய வண்டி நிற்கும். நான் அதே ஊரில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் கழுவும் வேலைக்குப் போய், பிறகு ஆல்பம் ஒட்டி, வீடியோ கேசட்டுகளில் பாட்டுச் சேர்க்கும் வேலையையும் கற்றுக்கொண்டு, கடைசியில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி நானே எடுக்கத் தொடங்கியிருந்தேன். அந்தப் பக்கத்தில் அப்போது வீடியோ எடுக்கிற பெண் வேறு யாரும் இல்லை. பொண்ணுக்கு அலங்காரம் செய்கிற அறைக்குள் தடையில்லாமல் போகலாம் என்பதற்காகவும் என்னைக் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் நான் 'வீடியோக்காரம்மா'.

நடவுக்கும் அறுப்புக்கும் போகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். நிலக்காரர் வீடுகளின் கொல்லைப்புறத்தோடு நின்றவள் என் அம்மா. அதே வீடுகளின் உள்ளறை வரைக்கும் நான் கேமராவோடு போய்வந்தேன். இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் என் முதுகு தானாக நிமிரும்.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் என் வேலையைக் கேட்டுவிட்டுத் திட்டினார். "இந்தக் கனத்தத் தோள்ல தூக்கிட்டு, ஓடுற வண்டில முட்டி போட்டு உக்காருவியா? புள்ள வேணுமா, வேணாமா?"

திரும்பி வரும்போது கணவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வைகாசி முகூர்த்தத்த விட்டுருவோமே. புள்ள பொறந்தப்புறம் பாத்துக்கலாம்."

"வைகாசில விட்டா ஆவணில வேற ஆள வச்சுக்குவாங்க. அப்புறம் நம்மள யாரு கூப்புடுவா?"

"அப்ப கார்ல எடுக்கறத மட்டும் விட்டுரு. மண்டபத்துல ஸ்டாண்டு போட்டு எடுக்கறல்ல, அது போதும்."

"கார்ல எடுக்கறதுக்குத்தாங்க நம்மளக் கூப்புடறதே."

அது அவருக்கும் தெரியும். காரும் கேமராவும் ஒரே வீட்டில் இருந்ததால் எங்களால் மட்டும் முடிந்த காரியம் அது. தாலி கட்டுவதை எல்லோரும் எடுத்தார்கள். கல்யாணம் முடிந்து, பிறந்த ஊரின் கடைசித் தெருவைக் கார் தாண்டும்போது பொண்ணின் முகம் எப்படி இருந்தது என்பதை நாங்கள்தான் எடுத்தோம். அதைப் பார்க்கத்தான் அம்மாக்கள் கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள்.

மண்டபத்தில் வைக்கிற மூன்று கால் ஸ்டாண்டு காருக்குள் விரியாது. காருக்கென்றே வெளிநாட்டில் ஸ்டாண்டு இருக்கிறதாம் என்று ஸ்டுடியோவில் பேசிக்கொள்வார்கள். அதையெல்லாம் நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை. ஒருநாள் அங்கே கணவருக்காகக் காத்து நின்றேன். கடைக்காரர் ஒரு குள்ளமான ஆளுக்காகச் சைக்கிள் சீட்டை இறக்கிக்கொண்டிருந்தார். திருகைத் தளர்த்தினார். மெல்லிய குழாய் தடித்த குழாய்க்குள் சறுக்கி இறங்கியது. மறுபடி முறுக்கினார். அசையாமல் நின்றது. என்னால் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தக் கால அம்பாசிடரில் கியர் ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் இருக்கும். முன்சீட்டில் உட்காருபவர்களின் கால்களுக்கு நடுவே தரை சும்மா கிடக்கும். அங்கே இப்படி ஒரு குழாயை நிறுத்தினால், மேலே சைக்கிள் சீட்டுக்குப் பதிலாகக் கேமரா உட்காருமே.

கடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஒரு சைக்கிளை அவரிடம் கேட்டு வாங்கினோம். சீட்டுக் குழாயை மட்டும் அறுத்து எடுத்து, அடியில் ஓர் இரும்புத் தகட்டைப் பற்றவைத்துத் தந்தார். எதற்கு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. மேலே வைக்க ஒரு பலகை வேண்டும். வீட்டில் அலகு உடைந்த அரிவாள்மணை ஒன்று கிடந்தது. அதன் பலகை நல்ல கெட்டி. அலகு நின்ற இடத்தில் துளையும் இருந்தது. அதைக் குழாயின் தலையில் வைத்து முறுக்கினோம்.

கேமராவின் அடியில் இருக்கும் துளைக்கு என்ன திருகாணி என்று தெரியாமல் இரும்புக் கடையில் ஒரு பிடி வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை இரண்டு சுற்று ஏறி மக்கர் பண்ணின. கால் இஞ்ச் போல்ட் ஒன்று கடைசிவரை வழுக்கிக்கொண்டு ஏறியது. அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேரும் டீ குடித்தோம்.

முடியவில்லை. காரை ஓட்டிப் படம் எடுத்து வந்து வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்த்தால், குளிர்ஜுரம் வந்தவர் எடுத்த படம் மாதிரி இருந்தது. பின்சீட்டு, ஜன்னல், வெளியே தென்னைமரம் எல்லாம் நடுங்கின. நான் தோளில் வைத்து எடுத்ததே தேவலாம் போலிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கணவர் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்.

"இது ரோடு ஆட்டமில்ல," என்றார். "வண்டி நிக்கும்போதும் நடுங்குது பாரு. இன்ஜின் ஆட்டம். இன்ஜினையே ரப்பர் மேலதான் உக்கார வச்சிருக்கான். நீ கேமராவப் போயி இரும்பு மேல முறுக்கி வச்சிருக்க."

அவர் சொன்னதுதான் சரி. போல்ட்டைக் கழற்றி எறிந்தேன். கேமராவுக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வேண்டும். ஆனால் பஞ்சு மாதிரி அமுங்கியும் போகக் கூடாது. துணிப்பை தைத்து ஆற்று மணலை நிரப்பினேன். நடுக்கம் பாதி குறைந்தது. ஆனால் தையல் வழியாகப் பொடிமணல் உதிர்ந்தது. கேமராவுக்குள் மணல் போனால் பிழைப்பே போச்சு. நெல்லை நிரப்பிப் பார்த்தேன். நெல்லின் சுணை பையைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது, நெல் இறுகிப்போய்க் கேமராவை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

அந்த வாரம் அம்மா வந்திருந்தாள். நான் பிறந்த ஊர் நன்னிலத்திலிருந்து சற்றுத் தொலைவு. உளுந்து பறிக்கப் போன இடத்தில் கூலியாகக் கிடைத்த உளுந்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்தாள். "களி கிண்டி நல்லெண்ணெய ஊத்தித் தின்னு. இடுப்புக்குப் பலம். வேல வேலன்னு கெடக்காத," என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினாள். சங்க வேலை இருக்கிறதாம். செங்கொடிச் சங்கத்தில் அவள் எங்கள் தெருவுக்குப் பொறுப்பு.

அவள் போன பிறகு உளுந்துக்குள் கையை விட்டேன். விரல்களுக்கிடையில் வழுவழுவென்று ஓடியது. சுணை இல்லை, பொடி இல்லை. கையை அழுத்தினால் விலகி, அழுத்தின வடிவத்திலேயே பிடித்துக்கொண்டது. களி அன்றைக்குக் கிண்டவில்லை. பழைய ஜீன்ஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டு உளுந்தை நிரப்பினேன். முழுவதும் நிரப்பாமல் கொஞ்சம் தளர்வாக விட்டேன். பலகை மேல் பை, பை மேல் கேமரா. சைக்கிள் டியூபை நீளநீளமாக அறுத்து, அரிவாள்மணைத் துளை வழியாக விட்டு, கேமராவைச் சேர்த்துக் கட்டினேன். குழாயையும் அதே டியூபால் டேஷ்போர்டின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம்.

இந்த முறை கணவர் வேண்டுமென்றே நாச்சியார்கோயில் போகிற ரோட்டில் பள்ளமாகப் பார்த்து விட்டார். டி.வி.யில் பார்த்தபோது பின்சீட்டு ஆடாமல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வயலும் வாய்க்காலும் ஓடின. பள்ளம் வந்தபோது படம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது, படகில் போகிற மாதிரி.

"சபாஷ்டி!" என்றார். மறுபடி போட்டுப் பார்த்தோம். மறுபடியும்.

இன்னொரு குறை இருந்தது. பின்கண்ணாடி வழியாக வெளிச்சம் அடித்ததால் முகங்கள் கறுத்து வந்தன. அவருடைய வெள்ளை வேட்டியை முன்சீட்டின் முதுகில் விரித்து ஊசி குத்தினேன். வெயில் அதில் பட்டுப் பின்னால் இருப்பவர்களின் முகத்தில் விழுந்தது. அவ்வளவுதான் எங்கள் ஸ்டாண்டு. செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

அதைப் போட்டு எடுத்த முதல் கல்யாணம் நன்னிலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆளுங்கட்சிக்காரர். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, சுயமரியாதைத் திருமணம். மேடை முழுக்கக் கரை வேட்டிகள். ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடித்து, சாதி ஒழிப்பிலிருந்து மேட்டூர்த் தண்ணீர் வரைக்கும் பேசி, கடைசியில் மணமக்களை வாழ்த்தினார்கள். பொண்ணு குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறவரின் மகள். அன்று காலையிலிருந்து அவள் நிமிரவே இல்லை. தாலியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், தன் கால்விரலைப் பார்த்தாள். கேமரா பக்கம் திரும்பச் சொன்னால் இன்னும் குனிந்தாள். இந்தக் கேசட்டில் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் இருக்கப்போகிறது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

பேச்சு முடியவே நேரமாகிவிட்டது. தலைவர்களை அனுப்பிவைக்க மாப்பிள்ளையின் அப்பா மண்டபத்திலேயே நின்றுவிட்டார். பொண்ணு மாப்பிள்ளையோடு மாப்பிள்ளையின் அக்கா எங்கள் காரில் ஏறினார். ஏறியதும் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"என்னம்மா இது? காரா, சைக்கிளா?"

"ரெண்டுந்தாங்க," என்றார் என் கணவர். "அடியில சைக்கிளு, நடுவுல அருவாமன, மேல உளுந்து மூட்ட."

மாப்பிள்ளை சிரித்தார். பொண்ணு குனிந்தபடி இருந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

"சீக்கிரம் விடுங்க," என்று அக்கா அவசரப்படுத்தினார். "இன்னிக்கு புதன்கெழம. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள வீட்டுக்குள்ள கால் வைக்கணும்."

"அப்பா காதுல விழுந்துறப் போவுது," என்றார் மாப்பிள்ளை.

"அவரு மேடையில பேசட்டும். ஆரத்தி எடுக்கறவ நான்."

மாப்பிள்ளையின் ஊருக்குப் போகிற சாலையில்தான் என் ஊரும் இருக்கிறது. அதை நெருங்கும்போது வரிசையாகப் பஸ்கள் நின்றன. கல்யாணக் கார் என்பதால் ஓரமாக வழிவிட்டார்கள். முன்னால் போய்ப் பார்த்தால் வாய்க்கால் பாலத்தின் மேல் சாலை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புளியமரத்தடியில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் வெள்ளையடித்த ஒரு கல் இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுது நட்டுவந்த நிலத்தை அதன் உடைமைக்காரர் மனைக்கட்டுக்கு விற்றுவிட்டிருந்தார். வாங்கியவர்கள் போகம் முடிந்ததும் மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். அந்தக் கற்களைத்தான் பிடுங்கிக்கொண்டுவந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் கொடிக் கம்போடு என் அம்மா.

"போச்சு!" என்றார் மாப்பிள்ளையின் அக்கா.

நான் கதவைத் திறந்தேன். கை வழக்கம்போல் கேமராவை நிறுத்தப் பொத்தானுக்குப் போனது. பிறகு, ஓடட்டும் என்று விட்டுவிட்டு இறங்கினேன்.

அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "வாயும் வயிறுமா இந்த வெயில்ல எங்கடி சுத்துற?"

"வேலையா வந்தேம்மா. கல்யாண வண்டி. கொஞ்சம் வழி விடச் சொல்லு."

"நாங்களும் வேலையாத்தான் உக்காந்திருக்கோம். தாசில்தார் வந்தாத்தான் எந்திரிப்போம்."

"அம்மா, பொண்ணு மாப்புள்ள உள்ள உக்காந்திருக்காங்கம்மா."

"நீ கேக்கறங்கறதுக்காக விடமாட்டேன். எம் மவ வந்த வண்டிய மட்டும் விட்டேன்னு நாளைக்கு ஒருத்தி பேசிறக் கூடாது. மொதல்ல நீ உக்காரு. காலு வீங்கிக் கெடக்கு பாரு." தன் முன்னால் இருந்த மனைக்கல்லை நகர்த்தி என்னை அதன் மேல் உட்கார வைத்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் தன் முந்தானையால் எனக்கு விசிறினாள். அம்மா காரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பானையிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு எழுந்து போனாள்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. கார் ஜன்னலில் குனிந்து நின்றாள். வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. என் கணவரும் இறங்கிப் போலீஸ்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி வந்தபோது சொம்பு காலியாக இருந்தது. இன்னொரு சொம்பு மொண்டுகொண்டு மறுபடி போனாள். அதன் பிறகு வந்து பெண்களிடம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணும் குத்தகக்காரர் மவதானாம். அவங்க ஊருலயும் கல்லு நட்டுட்டானுவளாம். என்ன சொல்றீங்க? வண்டிய விட்டுருவமா?"

எனக்கு விசிறிக்கொண்டிருந்த பெண்தான் முதலில் தன் கல்லைத் தூக்கினாள். ஒரு கார் போகிற அகலத்துக்கு வழி விட்டார்கள். நாங்கள் தாண்டியதும் கற்கள் மறுபடி பழைய இடத்துக்கு வந்தன. பின்னால் கோஷம் கேட்டது.

மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போனபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயந்தேன். அக்கா ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "கொள்கைக்காரங்க வீட்டுக்கு ராகு காலம் என்ன பண்ணும்? வலது கால எடுத்து வச்சு வாம்மா," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டோம். நானும் அவரும் இல்லாத காருக்குள் என்ன நடந்தது என்பதை அப்போதுதான் பார்த்தோம்.

படம் ஆடாமல் நின்றது. பின்சீட்டில் மூன்று பேர். பொண்ணு நடுவில், குனிந்த தலை. வெளியே கோஷம். நான் இறங்கியதும், காரில் வீடியோக்காரம்மா இல்லை என்று தெரிந்ததும், அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் முழு முகம். நல்ல பெரிய கண்கள் அவளுக்கு. வேட்டியிலிருந்து வெளிச்சம் அந்தக் கண்களில் அப்படியே விழுந்திருந்தது.

பிறகு ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது. சொம்பு வந்தது. அம்மாவின் முகம் வந்தது.

"வேர்த்துக் கொட்டுதே. தண்ணி குடிக்கறீங்களா?"

"வேணாம், வேணாம். வீட்டுல போயிக் குடிச்சுக்கறோம்," என்றார் அக்கா சட்டென்று.

"குடுங்கம்மா," என்று பொண்ணு கை நீட்டினாள். அண்ணாந்து குடித்தாள். மாலை இடித்ததால் தண்ணீர் கன்னத்தில் வழிந்து பட்டுப்புடவையில் கொட்டியது. அவள் சிரித்துவிட்டாள். அம்மா ஜன்னலுக்குள் கையை விட்டுத் தன் முந்தானையால் அவள் தாடையைத் துடைத்தாள். பொண்ணு முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை," என்று மாப்பிள்ளை வாங்கிக் குடித்தார். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பொண்ணு மறியல் எதற்கு என்று கேட்டாள். அம்மா நிலத்தைப் பற்றிச் சொன்னாள். "எங்கப்பாவும் குத்தகதான்மா," என்றாள் பொண்ணு. "எங்க ஊருலயும் கல்லு வந்துருச்சு. இந்த வருஷம் எங்க வெத விடறதுன்னு தெரியாம உக்காந்திருக்காரு."

அம்மா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்கப்பா மேடையில பேசறவராமே. எங்க கல்லப் பத்தியும் ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க."

அவள் அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் டி.வி.க்கு முன்னால் அசந்து உட்கார்ந்தேன். அவளுடைய அம்மா அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளை 'சின்னய்யா' என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.

"சொல்றேன்மா," என்றார் மாப்பிள்ளை.

இரண்டாவது சொம்பு வந்தபோது அக்காவும் கை நீட்டினார். ஒரே மூச்சில் குடித்தார். "இன்னுங் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார். அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கிளம்புவதற்கு முன் அம்மாவின் பார்வை ஸ்டாண்டின் மேல் விழுந்தது. "இது என்னது, பையி?"

"வீடியோக்கா செஞ்சாங்களாம். உள்ள உளுந்தாம்," என்றாள் பொண்ணு.

அம்மா ஜன்னலுக்குள் தலையை நுழைத்துப் பையை அமுக்கிப் பார்த்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தது. "உளுந்தா! அடிப் பாவி மவளே! களி கிண்டித் தின்னுன்னு குடுத்தா, இதுக்கா தின்னக் குடுத்த?" என்று கேமராவைப் பார்த்தே திட்டினாள். அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. திட்டிவிட்டு, கட்டியிருந்த டியூபை இழுத்துப் பார்த்தாள். குழாயைத் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் கட்டியிருக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் மண்டியிட்டிருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. பொண்ணு குனிந்தே இருந்திருப்பாள். அக்கா தாகத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். என் கையால் செய்த ஒரு பொருள், நான் இல்லாத இடத்தில் என்னை விட நன்றாக வேலை செய்திருந்தது.

பாட்டுச் சேர்த்துக் கேசட்டைக் கொண்டுபோனபோது மாப்பிள்ளையின் அப்பா குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார். மண்டபம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், பாலத்தில் கார் நின்றதும் நிமிர்ந்தார். முழுக்கப் பார்த்து முடித்தார்.

"படம் பிரமாதம்மா. ஆனா இந்த மறியல வெட்டிரு. நடக்கறது நம்ம ஆட்சி. நம்ம வீட்டுக் கல்யாணக் கேசட்டுல மறியல் இருந்தா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

வாடிக்கையாளர் சொன்னால் வெட்ட வேண்டியதுதான். நான் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பொண்ணு பேசினாள். மாமனாரோடு அவள் அதிகம் பேசியிருக்க மாட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"வேணாம் மாமா. மேடையில நீங்க பேசுனதுதானே அதுல இருக்கு. அவங்க தண்ணிய நாங்க மூணு பேரும் குடிச்சோம்."

அவர் மகளைப் பார்த்தார். "நீயுமா?"

"தாகமா இருந்துச்சுப்பா," என்றார் அக்கா.

பிறகு அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இருந்துட்டுப் போவட்டும். அந்தத் தண்ணி குடிக்கறத மறுபடி போடும்மா."

அவர் நிலத்தைப் பற்றி எங்கே போய்ப் பேசினார், பேசினாரா என்பது எனக்குத் தெரியாது. மறியல் நடந்த அன்று மாலையே தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை நடந்தது. அதற்குப் பிறகும் பல கூட்டங்கள் நடந்தன. நிலம் முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. ரோட்டோரத்துப் பகுதி மனையாகத்தான் போனது. வாய்க்காலை ஒட்டிய பகுதியில் எங்கள் தெருக்காரர்களுக்குக் குடிமனைப் பட்டா கொடுத்தார்கள். அம்மாவின் பெயரிலும் ஒன்று.

எனக்கு வேலை பெருகியது. 'அந்தத் தண்ணி குடிக்கற கேசட்டு மாதிரி வேணும்' என்று கேட்டு வந்தார்கள். மகள் பிறந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டும் முன்சீட்டில் உட்கார்ந்து எடுத்தேன். திருப்பனந்தாளிலிருந்தும் பூதலூரிலிருந்தும் வீடியோக்காரர்கள் ஸ்டாண்டைப் பார்க்க வந்தார்கள். எதையும் மறைக்காமல் காட்டினேன். ஒருவர் உளுந்துக்குப் பதில் பச்சைப்பயறு போட்டுப் பார்த்துவிட்டு வந்து, உளுந்துதான் சரி என்று ஒத்துக்கொண்டார். அப்போது எனக்கு ஏற்பட்ட கர்வத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அந்தக் கேசட்டின் நகல் ஒன்றைப் பொண்ணே எனக்குக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டி.வி. அறையில் வாடகை டெக்கை மாட்டி அதைப் போட்டேன். மறியலில் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கார்க் கண்ணாடிக்கு வெளியே தங்கள் தலையும் கொடியும் தெரிந்தபோது கூச்சல் போட்டார்கள். அம்மா கேமராவைத் திட்டுகிற இடம் வந்தபோது அறையே அதிர்ந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அதன் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

வேறு ஊரிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெண் கேட்டாள். "இவ்வளவு கிட்டக்க நின்னு யாரு எடுத்தது?"

அம்மா முந்தானையை இறக்கினாள். "எம் மவதான் எடுத்தா. எடுக்கறப்ப எங்க பக்கத்துலதான் கல்லு மேல உக்காந்திருந்தா."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அம்மா விளக்கவும் இல்லை. என்னைப் பார்த்து, "மொதல்லேருந்து போடு," என்றாள். நான் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினேன்.